ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்த பம்பு

“சாதா பம்பு போதும்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?”

“நீங்க எங்க சார் அடிச்சுக்கிட்டீங்க? சத்தம் கம்மியா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க!”

“சத்தம் கம்மியா இருக்கணும்னு சொன்னேன். மூச்சே நின்னுடணும்னு சொன்னேனா?”

பல் டாக்டரும் மீன் தொட்டிக்காரரும் கிளினிக் ஹாலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே பவளங்கள், விரிந்த விரல்களை மடக்கிக்கொண்டு, ‘எங்களை இழுக்காதீர்கள்’ என்பதுபோல் சுருங்கிக் கிடந்தன. டாக்டரின் கையில் நோயாளிகளின் கோப்புகள், தண்ணீர் குடித்து அப்பளம் மாதிரி உப்பியிருந்தன. நாற்காலியில் கன்னம் வீங்கிய ஒருவர், வலியை மறந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் துப்பறியும் அண்ணி உள்ளே நுழைந்தாள். நுழைந்ததும் ஈரத்தில் வழுக்கி, தொட்டிக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“முதல் தடயம் கிடைச்சாச்சு. தரை ஈரம்” என்றாள் பின்னால் வந்த வாலு.

அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. இன்சூரன்ஸ் ஆபீசில் பன்னிரண்டு வருஷம் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துவிட்டு, அந்தத் தைரியத்தில் தையல் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தவள். தையல்காரரின் போர்டு பெரிசு, இவளுடையது சிறிசு. மாடி ஏறி வருபவர்களில் பாதிப் பேர் பேன்ட் நீளம் குறைக்க வந்தவர்கள். போன மாதம் காணாமல்போன பூனை ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்துப் பாராட்டு வாங்கினாள். மூன்றாம் நாள் அசல் பூனை தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த வீட்டில் இப்போது இரண்டு பூனைகள்.

உதவியாளர் வாலு, புருஷனின் தங்கை. வேலையை விட்டு நீக்க முடியாது. அது அண்ணிக்குத் தெரியும்; அண்ணிக்குத் தெரியும் என்பது வாலுவுக்கும் தெரியும்.

“என்ன பிரச்சினைன்னு யாராவது ஒருத்தர் மட்டும் சொல்லுங்க” என்றாள் அண்ணி.

அவளைக் கூப்பிட்டிருந்தது தொட்டிக்காரர். அவரே தொடங்கினார்.

“கடல் தொட்டின்னா ரெண்டு தொட்டி மேடம். மேல இருக்கறது பார்வைக்கு. கீழ அலமாரிக்குள்ள ஒண்ணு இருக்கு பாருங்க, அதுதான் அடுப்படி. வடிகட்டறது, சூடு பாக்கறது எல்லாம் அங்க. மேல வழியற தண்ணி குழாய் வழியா கீழ இறங்கும். பம்பு அதைத் திருப்பி மேல ஏத்தும். பழைய பம்புக்கு ஒரே வேகம்தான். தண்ணி விழற சத்தம் அருவி மாதிரி. காத்திருக்கற நோயாளிங்க வரிசையா பாத்ரூம் போக ஆரம்பிச்சாங்க.”

“உண்மை” என்றார் கன்னம் வீங்கியவர். “நானே மூணு தடவை.”

“அதனால வேகத்தைக் கூட்டிக் குறைக்கற பம்பா பார்த்து வாங்கிக் குடுத்தேன். பெட்டி மேல எழுதியிருக்கற அளவை நம்பக் கூடாது மேடம். அது உசரமே இல்லாம அளந்தது. அஞ்சடி ஏத்தினா பாதிதான் தேறும். அதனால ஒரு படி பெரிசா எடுத்து, பத்துக்கு ஆறுல வெச்சேன். சூடாகாது, சத்தம் வராது, நாள்பட உழைக்கும்.”

“உழைச்ச லட்சணத்தைத்தான் பாக்கறேனே!” டாக்டர் கோப்புகளை ஆட்டினார். ஆட்டியதில் அண்ணியின் முகத்தில் நாலு சொட்டு உப்புத் தண்ணீர் விழுந்தது. “பதினஞ்சு நாளா மத்தியானம் ஆனா பம்பு அடங்கிடுது. கீழ்த்தொட்டி ரொம்பி, பின்பக்கம் வழிஞ்சு, ரெக்கார்டு ரூம் பூரா தண்ணி. இன்னிக்கு ஹாலுக்கே வந்துடுச்சு. யாருக்கு எந்தப் பல்லைப் பிடுங்கணும்னே எனக்குத் தெரியல!”

கன்னம் வீங்கியவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

“சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்டர்கள் கூட்டம்” என்று டாக்டர் தொடர்ந்தார். “இந்த ஆள் பதினோரு கிளினிக்ல தொட்டி பாத்துக்கறார். மத்த பத்துப் பேரும் அங்க வருவாங்க. இவர் தலையில கட்டின சரக்கைப் பத்தி ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லப்போறேன்.”

தொட்டிக்காரரின் முகம் பவளத்தைவிட மோசமாகச் சுருங்கியது. பதினோரு தொட்டிகள்தான் அவருடைய பிழைப்பு. பன்னிரண்டாவது கிடையாது.

மணி மூன்றரை.

“பம்பு என்ன செஞ்சதுன்னு எங்கயாவது பதிவாகுமா?” என்று கேட்டாள் அண்ணி. இன்சூரன்ஸ் ஆபீஸ் பழக்கம்.

தொட்டிக்காரர் தன் போனை நீட்டினார். மத்தியானம் ஒன்று பத்துக்கு ஆறிலிருந்து ஐந்து. இரண்டு நிமிஷம் கழித்து நாலு. இன்னும் இரண்டு நிமிஷத்தில் மூன்று. பிறகு இரண்டு. ஒன்றரை மணி நேரம் அங்கேயே. இரண்டே முக்காலுக்கு மூன்று, நாலு, ஐந்து, ஆறு. அதே இரண்டு நிமிஷ இடைவெளி.

“யாரோ மாடிப்படி இறங்கி, கீழ ஒரு தூக்கம் போட்டுட்டு, திரும்பி ஏறின மாதிரி இருக்கு” என்றாள் வாலு.

“நாடி இறங்குது” என்றார் டாக்டர். “பம்பு சாகப்போகுது. அவ்வளவுதான்.”

“வேகம் மாத்தற கன்ட்ரோலர் பெட்டியைக்கூட மாத்திட்டேன் சார்! அப்பவும் இதேதான். போன்ல மாத்தினா பதிவுல போன் அடையாளம் விழும். இதுல விழல. யாரோ பெட்டியில கைவெச்சு அழுத்தியிருக்காங்க.”

“இல்லன்னா பம்பே தானா இறங்கியிருக்கு” என்றார் டாக்டர்.

வாலு போனை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். “அண்ணி, ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்திருக்கு. ரெண்டு நாளும் ஆறுலயே ஓடியிருக்கு.”

அண்ணி போனை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். பிறகு, அந்தக் கண்டுபிடிப்பு தன் வயிற்றில் பிறந்தது போன்ற குரலில், “ஞாயித்துக்கிழமை லீவு எடுக்கற மெஷினை நான் பார்த்ததில்ல டாக்டர். இது மனுஷன் வேலை” என்றாள்.

“நான் சொல்லிக் குடுத்தேன்” என்றாள் வாலு, கன்னம் வீங்கியவரிடம்.

அடுத்து ஆட்களை விசாரிக்கும் படலம். ஒரு மணிக்கு வரவேற்புப் பெண் வெளியே பூட்டிக்கொண்டு சாப்பிடப் போகிறாள். மூன்று மணிக்கு வந்து திறக்கிறாள். பின்கதவு உள்ளே தாழ். இடையில் உள்ளே இருப்பது இரண்டு பேர். ஒருவர் டாக்டர், சாப்பிட்டுவிட்டு, நோயாளிகள் சாயும் நாற்காலியைப் படுக்கையாகச் சாய்த்துத் தூங்குவார். இன்னொருவர் அவருடைய மாமியார்.

மாமியார் ஹாலின் மூலையில் உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் கேரியர். கிளினிக் திறக்கும் நாளெல்லாம் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர். சாப்பிட்டதும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகலாம்தான். ஆனால் மாப்பிள்ளை தூங்கும் அறைக்குள் எப்படி நுழைவது? அவர் எழுந்து, கேரியரைத் தானே வெளியே கொண்டுவந்து வைக்கும்வரை தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். இன்று சண்டை முடியட்டும் என்று காத்திருந்தார். மகளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் மாப்பிள்ளையும் மாமியாரும் நேருக்கு நேர் பேசியது, “சாப்பாடு நல்லா இருந்துச்சு அத்தை”, “சரிங்க மாப்பிள்ளை” என்ற அளவில்தான்.

“அம்மா, ஒரு மணியிலருந்து மூணு மணிவரைக்கும் இங்க யாராவது வந்தாங்களா?” என்றாள் அண்ணி.

“யாரும் வரலம்மா.”

“நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. வேற யாரையாவது இந்தத் தொட்டிகிட்ட பார்த்தீங்களா?”

“வேற யாரையும் பார்க்கலம்மா.”

“டாக்டர் எழுந்து வந்தாரா?”

“மாப்பிள்ளை தூங்கிட்டிருந்தாரு.”

“அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?”

மாமியார் தரையைப் பார்த்தார். “சத்தம் கேக்கும்மா.”

டாக்டர் இருமினார். அண்ணி இந்தச் சாட்சியத்தை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். கேட்ட கேள்விக்குக் கேட்ட அளவில், ஒரு பொட்டுப் பொய் இல்லாமல் பதில் வந்திருந்தது. கேள்விதான் கோணல் என்று அண்ணிக்கு அப்போது உறைக்கவில்லை. பின்னால் உறைத்தபோது அந்தப் பக்கத்தையே கிழித்து வாயில் போட்டு மென்றுவிட்டாள் என்று வாலு சொல்லித் திரிகிறாள். அது பொய். மெல்லவில்லை.

ஐந்தேகால் மணிக்கு அண்ணி ஹாலின் நடுவில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வாலு கண்களை மூடிக்கொண்டாள். அண்ணி கையைப் பின்னால் கட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

“பம்பு கெட்டா யாரைக் கூப்பிடுவாங்க? தொட்டிக்காரரை. யார் கூப்பிடுவாங்க? போன் பக்கத்துல இருக்கறவங்க. தொட்டிக்காரருக்குக் கல்யாணமாகல. வயசு முப்பத்தொண்ணு. ஆள் பார்க்க லட்சணம்.” அண்ணி சட்டென்று திரும்பி, மேஜைக்குப் பின்னாலிருந்த வரவேற்புப் பெண்ணை நோக்கி விரலை நீட்டினாள். “அவரைத் தினமும் வரவழைக்க ஒரு சாக்கு வேணும். இல்லையாம்மா?”

கன்னம் வீங்கியவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“அக்கா, அவர் கையில எப்பவும் இறால் வாடை. அவர் தொட்ட பேனாவை நான் துடைச்சுட்டுத்தான் எடுப்பேன்” என்றாள் வரவேற்புப் பெண்.

“அது மீனுக்குப் போடற தீனிங்க” என்றார் தொட்டிக்காரர், சன்னமான குரலில்.

“அதுவும் இல்லாம எனக்கு அடுத்த மாசம் கல்யாணம். பத்திரிகை உங்க மேஜைக்கே வந்துச்சே? தெருவுக்கெல்லாம் குடுக்கறப்ப மாடியிலயும் குடுத்துட்டு வந்தேனே?”

“தையல் கடைக்கு வந்ததுன்னு நினைச்சு அண்ணி கீழ அனுப்பிட்டாங்க” என்றாள் வாலு. “தையல்காரர் கண்டிப்பா வருவார்.”

அண்ணி கைகளைப் பின்னாலிருந்து எடுத்தாள். இந்த மாதிரி நேரங்களில் முகம் கழுவுவது நல்லது என்பது அவளுடைய அனுபவம். ஹாலின் கோடியிலிருந்த வாஷ் பேசினுக்குப் போய், தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டு, குழாயை ஒரே திருப்பாகப் பட்டென்று மூடினாள். சுவருக்குள் குழாய் ‘டொம்’ என்று உதைத்தது.

மாமியார், யாரோ தன்னை அடித்ததுபோல் எழுந்து வந்தார்.

“அப்படி மூடாதம்மா. தண்ணி ஓடற வேகத்துல வழியை அடைச்சா அது குழாயைத்தான் உதைக்கும். இங்க பாரு.” குழாயைத் திறந்தார். கால் சுற்று மூடினார். நிறுத்தினார். உதடு அசைந்தது, எண்ணுகிறார். மறுபடி கால் சுற்று. நிறுத்தம். மறுபடி. சுவரிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. “கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். ஏத்தும்போதும் அப்படித்தான்.”

வாலு கையில் தொட்டிக்காரரின் போன். திரையில் அந்த மாடிப்படி. ஆறு, ஐந்து, நாலு, மூன்று, இரண்டு. அவள் அண்ணியின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“அம்மா” என்றாள் அண்ணி, மெதுவாக. “நீங்க எங்க வேலை பார்த்தீங்க?”

“ஊருக்குத் தண்ணி அனுப்பற ஸ்டேஷன்லம்மா. பம்பு ஆபரேட்டர். முப்பத்தொரு வருஷம்.”

அண்ணி வாலுவை இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் ஒதுங்கினாள்.

“சொல்லிடுங்க அண்ணி. மணி அஞ்சரை.”

“எப்படிடீ சொல்றது? மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சப்படறவங்க. இத்தனை பேர் நடுவுல பேரைச் சொன்னா, ராத்திரியே பெட்டியைக் கட்டிக்கிட்டு மக வீட்டை விட்டே கிளம்பிடுவாங்க.”

“சொல்லலன்னா இவர் பதினோரு தொட்டியையும் விட்டுட்டுக் கிளம்பணும்.”

இதற்குள் டாக்டர் மேல்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, வண்டிச் சாவியோடு வந்துவிட்டார். “என்ன மேடம், குற்றவாளி கிடைச்சாச்சா? நான் கிளம்பணும்.”

அண்ணி தொண்டையைச் செருமினாள். துப்பறியும் தொழிலில் ஒரு பொய்யைச் சொல்லவேண்டி வந்தால் அதை நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும் என்பது அவள் கொள்கை. நிமிர்ந்தாள்.

“கிடைச்சாச்சு டாக்டர். எலி.”

“எலியா?”

“எலிதான். அலமாரிக்குள்ள வந்து, கன்ட்ரோலர் பட்டன் மேல... ஏறி...”

“ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவையா?” என்றார் டாக்டர். “கடிகாரம் கட்டிக்கிட்டா?”

“ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வெளில போயிடும் போல” என்றார் கன்னம் வீங்கியவர்.

வாலு சிரிப்பை அடக்கியதில் அவளுக்கு விக்கல் எடுத்தது. தொட்டிக்காரர், தன்னைக் காப்பாற்ற வந்த தெய்வத்தை நம்பிக்கை இழந்த கண்களோடு பார்த்தார். டாக்டர் கதவுப் பிடியில் கை வைத்தார்.

“எலி இல்ல மாப்பிள்ளை.”

குரல் மூலையிலிருந்து வந்தது. மாமியார் கேரியரை நாற்காலியில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

“நான்தான்.”

டாக்டரின் கை பிடியிலேயே நின்றது.

“அத்தை...?”

“ஒத்த மோட்டாரு மாப்பிள்ளை. ராவும் பகலும் ஓடுது. புதுசு, நல்ல மோட்டாரு. ஆனா ஓய்வே குடுக்காம ஓட்டினா எத்தனை நாளைக்குத் தாங்கும்? எங்க ஸ்டேஷன்ல ரெண்டு இருக்கும். ஒண்ணு ஓடினா ஒண்ணு ஆறும். ஒத்த மோட்டாரை நம்பி ஊரை விட்டதே இல்ல. இங்க நான் வந்து உட்கார்ந்திருக்கற நேரத்துலயாவது கொஞ்சம் ஆறட்டுமேன்னு வேகத்தை இறக்கி வெச்சேன். நிறுத்தல. மெதுவா ஓடட்டும்னுதான் விட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை?”

“உங்ககிட்ட வந்து நான் மோட்டாரைப் பத்திப் பேசினா நல்லாவா இருக்கும்? நீங்க படிச்சவரு.” கொஞ்சம் நிறுத்தி, “ரெக்கார்டு ரூம்ல தண்ணி வந்தது இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. என்கிட்ட யாரும் சொல்லல” என்றார்.

உண்மைதான். யாரும் சொல்லவில்லை.

தொட்டிக்காரர் அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டு, வேகத்தை இரண்டுக்கு இறக்கினார். “அம்மா, மேல தொட்டிக்குள்ள அந்தக் குழாய் வாய்கிட்ட கையை வெச்சுப் பாருங்க.”

மாமியார் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணீருக்குள் கையை விட்டார். அவர் முகம் மாறியது.

“தண்ணி வரலையே. உள்ள இழுக்குதே! மோட்டார் சுத்துதே?”

“சுத்தும்மா. இந்த வேகத்துல அஞ்சடி ஏத்தற தெம்பு இருக்காது. மேல இருக்கற தண்ணி அதே குழாய் வழியா பின்னால இறங்குது. அதுதான் கீழ ரொம்பி வழியுது.”

“ஐயோ.” முப்பத்தொரு வருஷ ஆபரேட்டருக்கு அது பலமான அடி. “எங்க மோட்டாருக்கு வேகம் மாத்தற வசதியே கிடையாதுப்பா. ஓடினா முழுசா ஓடும். இல்லன்னா நிக்கும். கொஞ்சமா ஓடினா கொஞ்சமாவது ஏத்தும்னு நினைச்சுட்டேன்.” கையை உதறினார். உடனே கண்கள் சுருங்கின. “சரி, தண்ணி திரும்பி வராம இருக்க நடுவுல ஒரு வால்வு போடலையா நீ?”

தொட்டிக்காரர் நெளிந்தார். “உப்புத் தண்ணிம்மா. உப்பு படிஞ்சு வால்வு ஒட்டிக்கும்...”

“ஒட்டினா மாசத்துக்கு ஒரு தடவை கழட்டிக் கழுவணும். அப்புறம் எதுக்கு உனக்கு மாசச் சம்பளம்? இன்னிக்கு நான் இறக்கினேன். நாளைக்குக் கரண்டு போனா? அப்பவும் இதேபோலத்தானே வழியும்?”

“வழியும்மா.”

“வால்வை மட்டும் நம்பாதே. கீழ்த்தொட்டியில இடம் விட்டு வை. திரும்பி வர்ற தண்ணியை அது தாங்கணும்.”

“சரிங்கம்மா.”

டாக்டர் ஓசையில்லாமல் வண்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எட்டு வருஷமாக ரசத்துக்கு உப்பு சரியா என்பதைத் தவிர வேறெதுவும் பேசாத பெண்மணி, மண்டியிட்டிருந்த ஒரு ஆளை அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தார். மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

“அத்தை,” என்றார் டாக்டர், “எந்தப் பம்பு வாங்கணும்னு நீங்களே சொல்லிடுங்க.”

மாமியார் தொட்டியைச் சுற்றி ஒரு நடை போட்டார். “இந்தப் பம்பு நல்லதுதான். இதோட அண்ணன் தம்பி இன்னொண்ணு வாங்குங்க. இதே மாதிரி வேகம் மாத்தற சாதி. தனித்தனிக் குழாய். ரெண்டும் பாதி வேகத்துல ஓடட்டும். ஒண்ணை நிறுத்தினா இன்னொண்ணு வேகத்தைக் கூட்டிக்கிட்டுத் தனியா தாங்கணும். அப்ப ஒண்ணு ஆறலாம், கழுவலாம், கெட்டாலும் பவளம் சாகாது.” தொட்டிக்காரரைப் பார்த்தார். “சரியா?”

“சரிம்மா. வாங்கும்போதே நான் சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருக்கணும்” என்றார் மாமியார்.

டாக்டர் அன்று கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனார். தொட்டிக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியாரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார் என்று கேள்வி. கன்னம் வீங்கியவர் மறுநாள்தான் பல்லைக் காட்டினார். அதற்குள் வீக்கம் வடிந்திருந்தது.

அதன் பிறகு நடந்தவை. வரவேற்புப் பெண் அடுத்த மாதம் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாடு போய்விட்டாள். தையல்காரர் போய் வாழ்த்திவிட்டு வந்தார். டாக்டர் இப்போது மத்தியானத்தில் தூங்குவதில்லை. எந்தப் பம்பு எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்று மாமியாரும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாய் வலிக்கச் சண்டை போடுகிறார்கள். மற்றப் பத்து கிளினிக்குகளிலும் தலா இரண்டு பம்பு ஓடுகிறது.

அண்ணி மட்டும் தன் முதல் தியரியைக் கைவிடவில்லை. தொட்டிக்காரர் மனசில் யாரோ இருக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னாள். அது யார் என்று கண்டுபிடித்து வரும்படி வாலுவை அவர் கடைக்கு ஒன்பது தடவை அனுப்பினாள். ஒன்பது தடவையும் வாலு வந்து, “இன்னும் தெரியல அண்ணி, நாளைக்கு மறுபடி போய்ப் பார்க்கறேன்” என்றாள்.

நாலு மாதம் கழித்து வாலு, தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று ஒரு காகிதத்தில் பெயரும் விலாசமும் எழுதி அண்ணனிடம் கொடுத்தாள். அவர் அதைப் பெண்டாட்டியிடம் நீட்டி, பையன் எப்படி என்று விசாரிக்கச் சொன்னார். தொட்டிக்காரரின் சொந்தப் பெயர் யாருக்குத் தெரியும்? அண்ணி கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அந்த விலாசத்துக்கு எதிரே டீக்கடையில் செய்தித்தாளில் ஓட்டை போட்டு மூன்று நாள் உட்கார்ந்தாள். முதல் நாள் தொட்டிக்காரர் உள்ளே போவதைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டிலும் மீன் வளர்க்கிறார்கள் என்று குறித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் வாலு சிரித்துக்கொண்டே உள்ளே போவதைப் பார்த்தாள்.

அன்று இரவு புருஷனிடம் அறிக்கை கொடுத்தாள். வாலு இப்போது கடலோர ஊரில், கணவனோடு தொட்டிக் கடை வைத்து நன்றாக இருக்கிறாள். அந்த அறிக்கையைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறாள். அதில் கடைசி வரி இது: “மாப்பிள்ளை யார் என்று இன்னும் தெரியவில்லை, ஆனால் நம் வாலுவும் அவனைத் தீவிரமாகக் கண்காணித்து வருவதால் கவலைப்படத் தேவையில்லை.”